புளியங்கொட்டைக் கூலி

லூர்தம்மாளின் கையைக் கழுவின தண்ணீரிலேயே ஒரு சட்டி ரசம் வைத்துவிடலாம் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பதினெட்டு வருசமாகப் புளி தட்டிய கை. நகக்கண், விரல் இடுக்கு, ரேகை எல்லாம் கறுத்துப்போய், சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மாதா கோயில் பூசையில் சாமியார் தரும் நன்மை அப்பத்தை வாங்கப் போகும்போது மட்டும் அந்தக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள். மற்றபடி அதில் அவளுக்கு வெட்கம் எதுவும் கிடையாது.

கடத்தூரிலிருந்து பொம்மிடி போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் அந்தப் புளி மண்டி இருந்தது. மாசி பிறந்துவிட்டால் சுற்றுவட்டத்துப் புளியெல்லாம் வண்டி வண்டியாக அங்கே வந்து இறங்கும். களத்தில் காயவைத்து, தடியால் அடித்து ஓடு நீக்கி, நார் உருவி, கடைசியில் பொம்பளைகள் கைக்கு வரும். உட்கார ஒரு கோணி, முன்னால் ஒரு சப்பட்டைக் கல், கையில் சாண் நீள இரும்பு. பழத்தின் முதுகில் ஒரு தட்டு, அப்புறம் ஒரு பிதுக்கு. கொட்டை ஒரு பக்கம் தெறிக்கும், புளி ஒரு பக்கம் சேரும். நாற்பது பொம்பளைகள் சேர்ந்தாற்போல் தட்டினால் தகரக் கூரைமேல் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருக்கும். நிஜ மழை விழுந்துதான் ரெண்டு வருசம் ஆகியிருந்தது.

கூலி புளியின் எடைக்கு. கொட்டை யாருக்கு என்று முதலில் யாரும் கேட்டதில்லை. முன்பு ஒரு வருசம் பொம்பளைகள் எல்லாரும் கூலியை ஏற்றித் தரச் சொல்லி வேலையை நிறுத்தியபோது, பெரிய முதலாளி தலையைச் சொறிந்துகொண்டு, "கூலி ஏத்த என்னால ஆவாது. புளி எனக்கு, கொட்டை உங்களுக்கு. போயி வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவரவர் தட்டிய கொட்டை அவரவர் மடியில் வீடு போய்ச் சேர்ந்தது. வறுத்துத் தோல் நீக்கி, ஊறவைத்து, உப்புப் போட்டு வேகவைத்தால் களியோடு கடித்துக்கொள்ளலாம். மாடு இருக்கிறவர்கள் மாட்டுக்கு வைப்பார்கள். மீந்தால் சந்தையில் போட்டு மண்ணெண்ணெய் வாங்கலாம். எழுபத்திநாலாம் வருசம் ராகி கதிர் பிடிக்காமலே கருகிப்போனதில், முக்கால்வாசி வீடுகளில் பாதி வயிற்றை நிரப்பியது அந்தக் கொட்டைதான்.

பெரிய முதலாளி செத்துப்போனார். மகன் சேலத்தில் இருந்தபடியே வாசலுக்கு ஒரு பலகை எழுதி அனுப்பினார். பலகை மாட்டிய அன்றைக்கு மண்டி கம்பெனி ஆயிற்று. கம்பெனி என்றால் மேனேஜர் வேண்டாமா? ராஜப்பன் வந்து சேர்ந்தார். கெட்ட மனுசர் என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். யாரையும் ஒரு அசிங்கமான வார்த்தை சொன்னவரில்லை. ஆனால் தரையில் எது கிடந்தாலும் அது என்ன விலைக்குப் போகும் என்று பார்க்கிற கண் அவருக்கு. துணி மில்லில் நூலுக்குக் கஞ்சி போடப் புளியங்கொட்டை மாவு வாங்குகிறார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டு வந்தார். நேற்றுவரைக்கும் குப்பையாகக் கிடந்தது ஒரே நாளில் சொத்தாகிவிட்டது. சொத்து என்று ஒன்று பிறந்தால் திருட்டும் கூடவே பிறக்கும் அல்லவா?

பங்குனி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், இனிமேல் கொட்டை கம்பெனிக்கு என்று வாட்ச்மேன் பச்சியப்பனை விட்டுச் சொல்லச் சொன்னார். பச்சியப்பனும் சொன்னான். அவன் சொன்னதை அவனே நம்பாத மாதிரி சொன்னதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் பொம்பளைகள் எப்போதும்போல மடியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். முன்னால் போனவள் லூர்தம்மாள். கேட்டில் ராஜப்பனே நின்றுகொண்டிருந்தார்.

"மடியில என்னம்மா?"

"கொட்டைங்க."

"காலையில சொன்னது காதுல விழலியா?"

"விழுந்துச்சுங்க. கூலி ஏத்துனதாச் சொல்லலியே. கூலி ஏத்தாம கொட்டைய எப்பிடிங்க நிறுத்துவீங்க?"

"கொட்டைக்கும் கூலிக்கும் என்ன சம்பந்தம்?"

"பெரிய மொதலாளி கூலிக்குப் பதிலாத்தான் இத விட்டாரு."

"எழுதிக் குடுத்திருக்காரா?"

"அவரு சொன்னாருங்க. நாங்க நாப்பது பேரு கேட்டோம்."

"செத்தவர் சொன்னத வச்சி நான் கம்பெனி நடத்த முடியுமா? கீழ கொட்டு."

லூர்தம்மாள் மடியை அவிழ்த்தாள். கொட்டை சரசரவென்று கொட்டி, மேனேஜரின் செருப்பைச் சுற்றிக் குவிந்தது. பின்னால் வந்த பொம்பளைகள் ஒவ்வொருத்தியாகக் கொட்டகைக்குத் திரும்பிப்போய், மூலையில் மடியை உதறிவிட்டு, வெறும் சேலையோடு தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்கள். வாய் பேசியது ஒருத்தி என்பதால் வழக்கும் ஒருத்தி மேல்தான் வந்தது. ராஜப்பன் அறைக்குள் போய் ஒரு காகிதம் எழுதிக்கொண்டு வந்து பொறுமையாகவே படித்துக் காட்டினார். 'கம்பெனிப் பொருளைத் திருடினேன். மன்னிக்க வேண்டும். இனிமேல் திருட மாட்டேன்.'

"கைநாட்டு வச்சிட்டு நாளைக்கு வேலைக்கு வா. வைக்கலேன்னா வராத. உன் வீட்டுக்காரனும் நம்ம வண்டிதான் ஓட்டுறான், அதையும் யோசனை பண்ணிக்க."

"திருடுனேன்னு எழுதாம வேற மாதிரி எழுதினா வைக்கிறேங்க."

"வேற எப்படி எழுதறது?"

"கொட்டைய எடுத்தேன்னு எழுதுங்க. எடுத்தேன்தானே?"

ராஜப்பனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நாளைக் காலைவரைக்கும் நேரம் கொடுத்தார்.

அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. யாகப்பன் வாசலிலேயே நின்றான். கம்பெனி மாட்டுவண்டியில் மூட்டை ஏற்றிப் பொம்மிடி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் இறக்குவது அவன் வேலை. மாடு ரெண்டும் கம்பெனி மாடுதான். ஆனால் அதுகளுக்கு ஏதாவது என்றால் அவனுக்குத்தான் சோறு இறங்காது. ஆள் பார்க்க வாட்டசாட்டம், பயம் மட்டும் கொஞ்சம் கூடுதல்.

"கைநாட்டு வச்சிட்டியா?"

"இல்லீங்க."

"ஏன் வக்கல? ஒரு விரலு மை. கழுவினாப் போயிடும்."

"காயிதத்துல இருக்கிறது போவாதே."

"யாரு பாக்கப்போறாங்க அந்தக் காயிதத்த? பெட்டியில கெடந்து எலி தின்னும். இந்தப் பஞ்சத்துல வூட்ல ரெண்டு பேருக்கு வேலை கெடைச்சிருக்கிறது பெருசு. தெரியுதா உனக்கு?"

"தெரியுதுங்க. அதுக்காவ திருடின்னு நானே சொல்லிக்கணுமா?"

யாகப்பன் வேறு வழியில் வந்தான். "தவக்காலம். பாஸ்கா பண்டிகைக்கு முன்ன பாவத்தச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். ஏழாம் கற்பனை என்ன சொல்லுது? களவு செய்யாதிருப்பாயாக. சாமியார்கிட்ட என்னன்னு சொல்லுவ?"

"கோவத்துல பேசுனேன்னு சொல்லுவேன். அமாவாசைச் சந்தையில மீனு மலிவாக் கெடந்துச்சுன்னு பேராசையில பெரிசாப் பொறுக்குனேன்னு சொல்லுவேன். கொட்டையப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது பாவமில்ல, எதுக்குச் சொல்லணும்?"

வாதத்தில் தோற்ற ஆம்பளை வீட்டைத்தான் சுற்றுவான். யாகப்பன் உள்ளே போய் ஒவ்வொரு சாமானாகப் பார்க்க ஆரம்பித்தான். நாளைக்கு மேனேஜர் ஆளை அனுப்பி வீட்டைச் சோதனை போட்டுவிட்டால் என்ன பண்ணுவது என்ற நினைப்பு அவனைப் பிடித்துக்கொண்டது. கட்டிவைத்திருந்த சணல் கயிற்றை எடுத்தான்.

"இது யாருது?"

"மூட்டை பிரிக்கையில அறுத்துப் போட்டது. குப்பையில கெடந்தத முடிச்சுப் போட்டு நான் சேத்தது."

"இந்தத் தகர டப்பா?"

"பெரிய மொதலாளி சம்சாரம் குடுத்தது. பொங்கலுக்கு வெல்லம் போட்டுக் குடுத்தாங்க, மறந்துட்டீங்களா?"

"அந்தப் படுதாத் துண்டு?"

"காத்துல கிழிஞ்சி முள்ளுல மாட்டியிருந்துச்சி. பச்சியப்பண்ணன்கிட்ட கேட்டுத்தான் எடுத்தேன்." லூர்தம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. "போதுங்க. விட்டா என் கையில ஒட்டுன புளிய செரண்டிக் குடுத்துட்டு வரச் சொல்லுவீங்க போல."

யாகப்பன் சிரிக்கவில்லை. அவன் பார்வை சுவரோரம் சுருட்டிவைத்திருந்த ரெண்டு கோணிகளின் மேல் போனது. போனது திரும்பி வரவில்லை. பதினெட்டு வருசமாகப் புளியின் முதுகைப் பார்த்தே உள்ளே எத்தனை கொட்டை என்று சொல்கிறவளுக்குப் புருசன் முகம் தெரியாதா? அவள் போய்க் கோணியைப் பிரித்தாள். அதன்மேல்தான் போன ஐப்பசியிலிருந்து அவள் தினமும் படுத்துக்கொண்டிருந்தாள். உள்பக்கத்தை வெளிப்பக்கமாகப் புரட்டினாள். நீலமையில் கம்பெனி முத்திரை பளிச்சென்று இருந்தது. எங்கேயும் ஒரு ஓட்டை இல்லை.

"கிழிசல்னு சொன்னீங்களே?"

அவன் தரையைப் பார்த்தான்.

"புதுக் கோணிங்க இது. பிரிக்காத கட்டுலருந்து உருவுனதா?"

"குளிராக் கெடந்துச்சி. நீயும் இருமிக்கினே இருந்த. கட்டுல அம்பது இருக்கு, ரெண்டு போனா யாருக்குத் தெரியப்போவுதுன்னு..."

"உங்களுக்குத் தெரிஞ்சுதானே புரட்டி வச்சிருக்கீங்க."

தன் இருமலுக்காக எடுத்தான் என்பது அவளுக்கு நெஞ்சைக் கரைத்தது. அவன்மேல் பிரியமாகவும் இருந்தது, கன்னத்தில் ஒன்று விடலாம் போலவும் இருந்தது. ராத்திரி வெறும் தரையில் படுத்தாள். கோணியை மடித்து வாசலோரம் வைத்துவிட்டாள்.

"என்ன பண்ணப் போற அத?" என்றான் யாகப்பன்.

"கொண்டுபோயிக் குடுக்கப் போறேன்."

"உனக்குப் பைத்தியமா? கேக்காதத எவளாவது கொண்டுபோயிக் குடுப்பாளா? அவன் கையில கயித்தக் குடுத்துட்டு நம்ம கழுத்த நீட்டுற மாதிரி!"

"இத வூட்ல வச்சிக்கினு நான் திருடல, திருடலன்னு எப்பிடிங்க அந்தாளு மூஞ்சியப் பாத்துப் பேசறது? வாயி பேசும், கண்ணு பேசுமா?"

அவன் கெஞ்சினான், அதட்டினான், மாட்டை நினைத்து அழுதேவிட்டான். அவள் அசையவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது சேர்வராயன் மலைப்பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது. ரெண்டு வருசமாக எட்டிப்பார்க்காத மழை, களம் நிறையப் புளி காய்கிற நாளாகப் பார்த்துத் தலையைக் காட்டியது. பொம்மிடி ஸ்டேஷனில் புதன்கிழமை காலைக்கு ரயில் வேகன் சொல்லியிருந்தது. அதற்குள் கொட்டை எடுத்து மூட்டை போட்டாக வேண்டும், நனைந்தால் புளி கறுத்து விலை போகாது. ராஜப்பன் களத்துக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டிருந்தார். லூர்தம்மாள் நேராகப் போய் அவர் மேஜைமேல் ரெண்டு கோணியையும் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"கம்பெனிக் கோணிங்க. எங்க வூட்டுக்காரரு போன ஐப்பசியில எடுத்தாரு. புதுசு. இது திருட்டு, இந்தாங்க."

ராஜப்பன் கோணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இப்படி ஒரு கேஸ் அவருக்கு இதுவரை வந்ததில்லை.

"ஆகக்கூடி, குடும்பமே திருட்டுக் குடும்பம்னு நீயே ஒத்துக்கிற."

"திருட்டு எதுன்னு எனக்குத் தெரியும்னு ஒத்துக்கிறேங்க. கோணி திருட்டு. அத யாரும் கேக்காம நானே கொண்டாந்து குடுத்துட்டேன். கொட்டை திருட்டா இருந்தா அதையும் குடுத்திருப்பேன். அது கூலி. கூலியத் திருட்டுன்னு நான் எப்பிடிங்க கைநாட்டு வப்பேன்?"

ராஜப்பன் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். குரல் தணிந்துதான் இருந்தது. "இங்க பாரும்மா. யாகப்பனுக்கு இன்னையோட வண்டி இல்ல. அதுல பேச்சே கெடையாது. நீயாவது பொழைச்சிக்க. வை."

வண்டி இல்லை என்றதைக் கேட்ட பிறகும் அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"அப்ப வெளிய போ."

"போறேங்க. எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க. கொட்டையத் தொட்டது திருட்டு, அதுக்குத்தான் லூர்தம்மாளை அனுப்பறேன்னு சொல்லுங்க."

"சொல்றதுக்கென்ன?" அவர் கொட்டகைக்கு வந்து சத்தமாகவே சொன்னார். "நல்லாக் கேட்டுக்குங்க! கொட்டை கம்பெனி சொத்து. அதுல கைவைக்கிறது திருட்டு. லூர்தம்மாளை அதுக்குத்தான் நிறுத்தியிருக்கு."

எல்லா இரும்பும் நின்றன. நேற்று மடியை உதறிவிட்டுத் தலைகுனிந்து போனவர்களில் செல்லியும் ஒருத்தி. ராத்திரி பிள்ளைகளுக்கு வெறுங்களியைக் கரைத்து ஊற்றிவிட்டு அவள் தூங்கவே இல்லை. அவள் கையிலிருந்த பழத்தைப் புரட்டிப் பார்த்தாள். ஓடு இருந்த இடத்தைத் துடைத்தாள், ஒட்டியிருந்த நாரை உருவினாள். கொட்டையை எடுக்காமல் அப்படியே முழுசாகக் கூடையில் போட்டாள். அடுத்த பழத்தையும் அதேபோலப் போட்டாள்.

"என்னம்மா பண்ற?" என்றார் ராஜப்பன்.

"நான் தொடலீங்க," என்றாள் செல்லி. "உங்க சொத்து உள்ளாரயே பத்திரமா இருக்கட்டும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குள்ளம்மாளுக்குப் புரிந்தது. அவள் சிரித்துக்கொண்டே தன் இரும்பைக் கல்லுக்கு அடியில் சொருகிவிட்டு, வெறுங்கையால் மிச்சம் ஒட்டியிருந்த நாரை மட்டும் உருவிப் போட்டாள். அப்புறம் வரிசை முழுக்க அப்படியே ஆனது. யாரும் வேலையை நிறுத்தவில்லை. கை ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தட்டுகிற சத்தம் மட்டும் இல்லை. அந்தக் கொட்டகையில் பகல் நேரத்தில் குருவி கத்துவது அன்றைக்குத்தான் கேட்டது.

"கொட்டையோட புளி எவன் வாங்குவான்?" என்று கத்தினார் ராஜப்பன்.

குள்ளம்மாள் மரியாதையாகவே சொன்னாள். "அதக் கம்பெனிதாங்க பாத்துக்கணும். நாங்க கைவச்சா திருட்டாயிடும்னு இப்பத்தானே சொன்னீங்க."

"நான் சொன்னது வீட்டுக்குக் கொண்டுபோறத!"

"எடுத்தாத்தாங்க கொண்டுபோவத் தோணும். எதுக்கு வம்பு?"

ராஜப்பன் பச்சியப்பனைக் கூப்பிட்டுத் தட்டச் சொன்னார். பச்சியப்பன் உட்கார்ந்து முதல் தட்டைப் பழத்தின்மேல் போட்டான், ரெண்டாவதைத் தன் கட்டைவிரல்மேல் போட்டான். பிறகு மேனேஜரே வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் ஒரு கைப்பிடி புளி தேறியது, அதிலும் பாதிக் கொட்டை உடைந்து உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியாள் கூட்டிவரலாம் என்றால் சுற்றுவட்டத்தில் புளி தட்டத் தெரிந்த கையெல்லாம் இந்தக் கொட்டகைக்குள்தான் இருந்தது. லூர்தம்மாள் கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சி நேரத்துக்கு ரெண்டு சொட்டு மழை விழுந்தது. களத்துப் புளிமேல் விழுந்ததோ இல்லையோ, ராஜப்பன் தலைமேல் சரியாக விழுந்தது.

அவரே கேட்டுக்கு வந்தார். "உள்ள வந்து உக்காரு."

"காயிதம்?"

"காகிதம் கெடக்கட்டும் விடு. நீ கைநாட்டு வைக்க வேணாம்."

"கொட்டை?"

"இன்னைக்கு எடுத்துக்கிட்டுப் போங்க."

"இன்னிக்கி மட்டும்னா அது பிச்சைங்க. பிச்சை எடுக்க நாப்பது பேரு எதுக்கு வரணும்?"

ராஜப்பன் வானத்தைப் பார்த்தார். "சரி. எப்பவும்போல எடுத்துக்குங்க. முதலாளிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

கொட்டகையிலிருந்து செல்லி குரல் கொடுத்தாள். "யாகப்பண்ணனுக்கு என்னங்க? அவரையும் வண்டி ஓட்டச் சொல்லுங்க, அப்பத்தான் இரும்பத் தொடுவோம்!"

"ஆமா, சொல்லுங்க!" என்றார்கள் நாலைந்து பேர்.

ராஜப்பன் லூர்தம்மாளைப் பார்த்தார். எல்லாருமே அவளைத்தான் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த நிமிசத்தில் மேனேஜர் அதற்கும் தலையாட்டியிருப்பார். அது அவளுக்கும் தெரிந்தது. மாட்டை நினைத்துப் புருசன் அழுத முகம் கண்முன்னால் நின்றது. கோணி இல்லாமல் அவள் இருமிக்கொண்டே படுத்திருந்த ராத்திரிகளும் நினைப்பில் வந்தன.

"கோணி அவரு எடுத்தது," என்றாள். "அதுக்கு நான் பேச மாட்டேன். நீங்களும் பேசாதீங்க."

உள்ளே வந்து தன் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து இரும்பை எடுத்தாள். அவள் முதல் தட்டுத் தட்டியதும் கொட்டகை முழுக்கச் சத்தம் கிளம்பியது. மழை மலையோடு போய்விட்டது. பொழுது இறங்குவதற்குள் மூட்டையெல்லாம் தைத்தாகிவிட்டது. வண்டியை வேறு ஒருத்தன் பூட்டினான். மாடு ரெண்டும் அவனை முகர்ந்து பார்த்துவிட்டு நகர மாட்டோம் என்று கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்றன.

கேட்டுக்கு வெளியே யாகப்பன் நின்றிருந்தான். வண்டி தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மடி நிறையக் கொட்டையோடு லூர்தம்மாள் வந்தாள். நேற்றைக்கும் சேர்த்து இருந்ததால் நடக்கவே கனத்தது.

"எல்லாம் கேள்விப்பட்டேன்," என்றான். "அந்தாளு தலையாட்டுற நேரமாம். எல்லாரும் கேட்டாங்களாம். நீதான் வேணாம்னியாம்."

"ஆமாங்க."

"எனக்காவ ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"கேட்டிருந்தா கோணியும் கொட்டையும் ஒண்ணாயிருக்கும்ங்க. அப்புறம் ஆயுசுக்கும் எது கூலி எது திருட்டுன்னு அவங்க சொல்லித்தான் நாம தெரிஞ்சிக்கணும்."

அவள் அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தாள். அவன் தலைத்துண்டை அவிழ்த்துத் தரையில் விரித்தான்.

"கொட்டு," என்றான். "கனம் தூக்கறது என் வேலை."

மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். வீட்டுக்குப் போகக் காட்டுப் பக்கமாகக் குறுக்கு வழி இருந்தது. அவன் அந்த வழியை எடுக்காமல் செவ்வாய்ச் சந்தை கலையாத கடைவீதிக்குள் திரும்பினான். லூர்தம்மாள் பின்னாலேயே போனாள். டீக்கடையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"என்னப்பா யாகப்பா, வண்டிய விட்டு எறக்கிட்டாங்களாமே! தலையில என்னா மூட்டை?"

யாகப்பன் நின்றான். கடைவீதி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"என் பொண்டாட்டி கூலி."